அப்பா கெண்டையாக இருந்த காலம்

எங்கள் அத்தான், அக்கா வீட்டுக்காரர், பல் கட்டுகிறவர். டாக்டர் இல்லை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் பொக்கை வாய்களுக்கு, தன் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து மேல் செட், கீழ் செட் என்று செய்து கொடுக்கிறவர். ஊரில் அறுபதைத் தாண்டிய யார் சிரித்தாலும் அதில் பாதி அவர் கைவேலை. தொழிலில் அவரைக் குறை சொல்ல ஆள் கிடையாது. மற்றதில் குறை சொல்லத்தான் மச்சான் என்று ஒருவனை ஆண்டவன் படைத்திருக்கிறான்.

அந்த மற்றது தூண்டில். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அத்தான், மூடிக் கிடக்கும் நூல் ஆலைக்குப் பின்னால் உள்ள குளத்தங்கரையில் இருப்பார். கெண்டைக்கு மட்டும்தான் போடுவார். வேறு மீன் மாட்டினால், ராங் நம்பருக்குச் சொல்கிற மாதிரி ஸாரி சொல்லி விட்டுவிடுவார். அந்தக் குளத்தில் பெரிய கிழட்டுக் கெண்டை ஒன்று உண்டு. அதற்கு அவர் வைத்த பெயர் மேனேஜர். முன்னால் வைப்பதை எல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டு, எதற்கும் சம்மதம் சொல்லாமல் திருப்பி அனுப்புவதால் அந்தப் பெயர்.

விஷயம் இதுதான். கெண்டைக்கு முன்வாயில் பல் கிடையாது. இரையைக் கடிக்காது, உறிஞ்சும். உறுத்தினால் உடனே ஊதித் துப்பிவிடும். அந்தத் துப்பலில் முள் திரும்பிக் கீழுதட்டைப் பிடிக்க வேண்டும். மேனேஜருக்கு மெத்தென்ற மாவு உருண்டைதான் பிடிக்கும். மெத்தென்று பிசைந்தால் தண்ணீரில் கரைந்து விழும். கெட்டியாகப் பிசைந்தால் முள்ளின் முனையை மூடிக்கொள்ளும். அத்தான் எத்தனையோ முள் மாற்றினார், எத்தனையோ முடிச்சு மாற்றினார். மேனேஜர் உருண்டையை மட்டும் தின்றுவிட்டு முள்ளைச் சுத்தமாகக் கழுவி அனுப்பியது.

எனக்கு அதில் ஒரு அக்கறையும் இல்லை. என் அக்கறை எல்லாம் அப்பாவின் பல்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு அவரும் நானும் அக்கா வீட்டில்தான் இருக்கிறோம். அவர் வாயில் மிச்சமிருந்த பற்களைப் பிடுங்கிய டாக்டர், "ஈறு ஆறட்டும். அப்புறம் மருமகனே செட் போட்டுடுவாரு, உங்களுக்கு என்ன கவலை?" என்று தோளைத் தட்டி அனுப்பினார். அப்பாவும் நம்பினார். வறுத்த வேர்க்கடலை ஒரு பொட்டலம் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். செட் வந்ததும் முதல் கடி அதில்தான் என்று வீட்டில் எல்லோரிடமும் அறிவித்தார். நசநசவென்று கூட்டம் நிற்கும் பஸ்ஸில் கடைசி சீட்டுவரை கேட்ட குரல் அது, இப்போது பாதி காற்றாகத்தான் வந்தது. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்று சும்மாவா சொன்னார்கள்? பழைய டிப்போ ஆட்கள் கூடும் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்குள் சிரித்தால்கூடக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

ஈறு ஆறியது. செட் வரவில்லை. மாவு உருண்டை வந்தது.

ஒரு சாயங்காலம் அப்பா சூப் குடித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த அத்தான் தன் தட்டை மறந்து அவர் வாயையே பார்த்தார்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க உறிஞ்சுறது அச்சு அசல் கெண்டை மாதிரியே இருக்கு."

"பல்லு கட்டிக் குடுத்தா மனுஷன் மாதிரி சாப்பிடுவேன் மாப்ள."

"கட்டுறேன் மாமா, கட்டுறேன். அதுக்கு முன்னாடி இதை ஒரே ஒரு தடவை வாயில வெச்சுப் பாருங்க."

அவர் உள்ளங்கையில் ரோஸ் நிறத்தில் ஒரு தூண்டில் முள் இருந்தது. பல் செட்டுக்கு ஈறு செய்கிற அதே பிளாஸ்டிக்கில், முனையை மழுக்கி, அத்தானே வார்த்தது. அதன் வளைவிலிருந்து ஒரு குட்டை நூல் தொங்கியது. நூலின் நுனியில், முள்ளை மூடாமல், மாவு உருண்டை. உலகத்தில் எல்லோரும் கெண்டையைப் போட்டு விரால் பிடிப்பார்கள். எங்கள் அத்தான் மாமனாரைப் போட்டுக் கெண்டை பிடிக்கக் கிளம்பினார்.

ஒரே ஒரு தடவை என்றது அன்றாட வழக்கம் ஆனது. குளத்தில் தண்ணீர் கலங்கல் என்பதால் அப்பா கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கெண்டைக்குக் கை கிடையாது என்பதால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். அது தரையில் மேய்கிற மீன் என்பதால் குனிந்து தட்டிலிருந்துதான் உறிஞ்ச வேண்டும். முள்ளின் தலையில் கட்டிய நீள நூலின் மறுமுனை ஒரு தூண்டில் கழியில் இருக்கும். கழியைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் கோடியில் நிற்பது என் வேலை. படித்து வேலைக்குப் போகிற பையன், பெற்ற தகப்பனைத் தூண்டிலில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்படி நிற்கும்போதுதான் ஒரு நாள் கரண்ட் மீட்டர் பார்க்கிறவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். தட்டில் முகம் புதைத்திருந்த அப்பாவைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து புறப்பட்ட நூலைத் தொடர்ந்து வந்து என்னைப் பார்த்தார். மீட்டரைப் பார்க்காமலே போய்விட்டார். கிழவருக்குச் சோற்றில் கயிறு கட்டிப் போடுகிறார்கள் என்று தெருவெல்லாம் பேச்சானது. அக்கா அவமானத்தில் இரண்டு நாள் மாடியை விட்டு இறங்கவில்லை.

அப்பாதான் ஆச்சரியம். கோபப்படுவார் என்று பார்த்தால், வேலையைப் பொறுப்பாகப் பார்த்தார். டூட்டி என்று வந்துவிட்டால் அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படாது.

"இந்த நேர் முள்ளு நாக்குல படுது மாப்ள. சுலபமா துப்பிடலாம். அந்த உள்பக்கம் வளைஞ்சது இருக்கே, அது துப்பும்போதுதான் திரும்புது."

"எங்க பிடிக்குது மாமா?"

"கீழ் உதடு. நடுவுக்குக் கொஞ்சம் இடதுபக்கம்."

அத்தான் அசந்துபோவார். உருண்டை கரையாமல் இருக்க, நூலின் நுனியில் பேனா ஸ்பிரிங்கின் ஒரு துண்டைக் கட்டி, அதைச் சுற்றி மாவைப் பிடித்து வைத்ததும் அப்பாவின் யோசனையைக் கேட்டுத்தான். சோள மாவில் சர்க்கரை பத்தவில்லை என்பார். வாழைப்பழம் பிசைந்தது நன்றாக இருக்கிறது, இன்னொரு முறை சோதிக்கலாம் என்பார். அந்தச் சோதனை முடிவதற்குள் முள் மட்டும் வெளியே வரும். முனைக்குக் கீழே பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் துணுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தார். "கழட்டும்போது உயிர் போகுது. அதை ராவி எடுத்துடுங்க." அத்தானும் ராவி எடுத்தார்.

நடுநடுவே அப்பா பல்லைப் பற்றிக் கேட்பார். "ஈறு இன்னும் கொஞ்சம் இறுகட்டும் மாமா" என்பார் அத்தான். அப்பா சட்டைப் பைப் பொட்டலத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டு போய்ப் படுப்பார். ஊருக்கெல்லாம் பல், மாமனாருக்குப் பொக்கை!

ஒரு சனிக்கிழமை, ஈயக்குண்டு எடுத்து வா என்று அத்தான் என்னைப் பின்னறைக்கு அனுப்பினார். தூண்டில் பெட்டியில் தட்டுத் தட்டாக முள், சுருள் சுருளாகத் தங்கூசி என்கிற நைலான் நூல். ஈயக்குண்டுகளுக்கு அடியில் ஈரத்துணியில் சுற்றி ஒரு டப்பா. திறந்தால் பல் செட், மேலும் கீழும். மெருகேற்றி முடித்த வேலை. மேல் வரிசையில் முன்பல் ஒன்று லேசாக ஒருக்களித்து நின்றது. அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தப் பல் அப்படித்தான். வேறு யாரும் கவனித்திராத அந்தக் கோணலைக்கூட விடாமல் செய்து வைத்திருக்கிறார். செய்து, ஒளித்தும் வைத்திருக்கிறார். எனக்கு அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம்.

டப்பாவைச் சாப்பாட்டு மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

"எப்ப முடிஞ்சுது இது?"

அத்தான் மேசையைப் பார்த்தார். "கொஞ்ச நாளாச்சு மச்சான்."

"கொஞ்ச நாள்னா?"

"மழைக்கு முன்னாடி."

அக்கா பிசைந்துகொண்டிருந்த மாவைப் பாத்திரத்தோடு தரையில் போட்டாள். "எங்கப்பா வாய் உங்களுக்கு வெளாட்டு சாமானா போச்சா?"

"பல்லை மாட்டிட்டா அது கெண்டை வாயே இல்லம்மா! அப்புறம் நான் எங்க போய்ச் சோதிப்பேன்?" என்றார் அத்தான். உண்மையிலேயே பரிதாபமாகத்தான் கேட்டார். அதுதான் இன்னும் ஆத்திரம்.

அப்பா செட்டைக் கையில் எடுத்தார். கோணல் பல்லைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு அதை டப்பாவில் வைத்து அத்தானிடமே நீட்டினார்.

"நாளைக்குக் குளத்துக்குக் கொண்டாங்க மாப்ள. அங்க வெச்சு மாட்டிக்கிறேன். இத்தனை உருண்டை தின்னுருக்கேன். மேனேஜர் மாட்டுறதை நான் பார்க்க வேணாமா?"

இப்படியும் ஒரு மனிதரா என்று எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது.

மறுநாள் காலை மூன்று பேரும் போனோம். அத்தான் முதலில் தூண்டிலைப் போட்டார். உள்வளைந்த சின்ன முள், குட்டை நூல், பேனா ஸ்பிரிங், வாழைப்பழ உருண்டை. எல்லாம் அப்பா வாயில் தேறியவை. கழியைத் தாங்கியில் வைத்துவிட்டு, அப்பாவை மடக்கு நாற்காலியில் உட்காரவைத்துச் செட்டை மாட்டினார். கடிங்க, தேய்ங்க, விடுங்க என்று கார்பன் தாளை வைத்துப் பார்த்து, ஓரிடத்தில் லேசாக ராவினார். அந்த நேரத்தில் அவர் தூண்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"ஏதாச்சும் பேசுங்க மாமா."

அப்பா எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"உள்ள போங்க, உள்ள போங்க! படியில நிக்காதீங்க!"

குளத்தின் அக்கரையில் இருந்த கொக்குகள் மொத்தமாக எழுந்து பறந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அவர் சட்டைப் பையிலிருந்து கடலைப் பொட்டலத்தை எடுத்து நீட்டினேன்.

"இருடா" என்றார்.

அப்போது கழி வளைந்தது.

மேனேஜர்தான். சந்தேகமே இல்லை. அத்தான் பாய்ந்து கழியைப் பிடித்தார். அது குளத்தின் நடுவுக்கு இழுத்துக்கொண்டு ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. அத்தான் முழங்கால் தண்ணீரில் நின்று வியர்த்துக்கொட்ட விட்டு விட்டு இழுத்தார். ஒருவழியாக அது களைத்துப்போய்க் கரையோரம் வந்து பக்கவாட்டில் சாய்ந்தது. எவ்வளவு பெரிய மீன்! கீழுதட்டில், நடுவுக்குக் கொஞ்சம் இடதுபக்கம் முள் பிடித்திருந்தது. பொக்கை வாயைத் திறந்து திறந்து மூடியது.

"மாமா, வலை! வலையைக் குடுங்க!"

அப்பா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கையில் வலை இல்லை. மீனருகில் குனிந்து விறைத்து நின்ற தங்கூசியைப் பிடித்தார். வாயில் வைத்தார். ஒரே கடி.

டப்பென்று சத்தம் கேட்டது. கழி நிமிர்ந்தது, அத்தான் தண்ணீரில் உட்கார்ந்தார். மேனேஜர் ஒரு நொடி என்ன நடந்தது என்று புரியாமல் கிடந்தது.

"போலாம் ரைட்" என்றார் அப்பா.

வாலை ஒரு வீசு வீசிவிட்டு மேனேஜர் உள்ளே போனது. துணுக்கு ராவிய முள், சற்று நேரத்தில் தானாகக் கழன்றுவிடும். அந்த ஏற்பாட்டை அப்பா முன்பே செய்திருந்தார்.

அத்தான் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே அப்பாவைப் பார்த்தார். இன்றைக்குக் குடும்பம் இரண்டாகும் என்று நான் நினைத்தேன்.

"ஏன் மாமா?" என்றார் கடைசியில்.

"இத்தனை நாள் அவன் டூட்டியை நான் பார்த்திருக்கேன் மாப்ள. இப்ப அவனும் நானும் ஒரே டிப்போ."

அத்தான் மெல்ல எழுந்து வந்தார். "வாயைத் திறங்க" என்றார். அப்பா பழக்கதோஷத்தில் கண்ணையும் மூடிக்கொண்டு, கையையும் பின்னால் கட்டிக்கொண்டு திறந்தார். அத்தான் விரலை விட்டுப் பார்த்தார். மேல் செட்டை அசைத்தார். கீழ் செட்டை அசைத்தார். அவர் முகம் மாறியது.

"மச்சான், இங்க வா! தங்கூசியே அறுந்துருக்கு, கீழ் செட்டு நூலளவு நகரல! ஒரு கீறல் இல்ல!" மேனேஜரையே பிடித்துவிட்டவர் போல என் தோளைப் பிடித்து உலுக்கினார். "எந்தக் கீழ் செட்டாவது இப்படி உக்காந்து பார்த்திருக்கியா?"

அவர் சந்தோஷத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கும் வந்தது. கரையேறி, நாற்காலியில் உட்கார்ந்து, கடலைப் பொட்டலத்தைப் பிரித்து அத்தானுக்கு ஒரு கை கொடுத்துவிட்டு, கடக் முடக்கென்று மென்றபடி பலமாகச் சிரித்தார். கோணல் பல் வெயிலில் தெரிந்தது. இன்னொரு கை மடியிலேயே கிடந்தது, வாய்ப் பக்கம் போகவில்லை.