வாசலில் பூட்ஸ் இல்லாத வீடு

"அது போன வருஷத்துக் காலண்டர்தானே? படத்தை மட்டும் கிழிச்சுக்கட்டுமா?" பல் மருத்துவரின் நாற்காலியில், பாதி வாய் மரத்துக் கிடக்கும்போதுகூட ஆசிரியை சிக்ரூன் கேட்டுவிடுவார். மீன் கடையிலும் இதே கேள்விதான். மோலோய் துறைமுகத்தில் அவர் உள்ளே வந்தாலே ஒருமுறை சுவரைப் பார்த்துக்கொள்ளும் கடைக்காரர்கள் உண்டு.

படங்கள் போய்ச் சேருமிடம் அவருடைய மூன்றாம் வகுப்பு. அறையின் குறுக்கே துணி உலர்த்தும் கயிறு; அதில் கிளிப் போட்டுத் தொங்கும் படங்கள். கீழே, கொட்டை எழுத்தில் சொல் அட்டைகள்: யார், எங்கே, அப்புறம், ஆனால். கதை எழுதுகையில் முட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளை எழுந்துபோய் ஓர் அட்டையைத் தொட்டுவிட்டு வரும். ஒருமுறை எல்லாக் கதைகளும் 'திடீரென்று' என்றே தொடங்கின. அந்த அட்டையை அவர் கழற்றியதும், "அப்ப இனிமே எதுவுமே நடக்காதா?" என்று ஒரு குரல் கவலைப்பட்டது. சிக்ரூன் சிரித்து அடங்க வெகுநேரமாயிற்று.

தூவா என்ற சிறுமி மட்டும் எழுதுவதில்லை. கயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பாள், தாள் வெள்ளையாகத் திரும்பி வரும்.

"வெள்ளிக்கிழமை அவ அப்பா அம்மா வராங்க. தனி வகுப்புக்கு அனுப்பச் சொல்லப்போறேன்," என்றார் தலைமையாசிரியர் ஊலாவ். "ஒரு வரியாவது எழுதியிருக்காளா?"

"இல்ல. ஆனா எதையோ பாத்துக்கிட்டே இருக்கா. என்னன்னுதான் பிடிபடல."

மறுநாள் குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க அவளருகே உட்கார்ந்தார். எதிரே தொங்கியது கடலோரச் சிவப்பு வீடு. சன்னலில் விளக்கு வெளிச்சம்.

"என்ன பாக்குற, தூவா?"

"அந்த வீட்ல யாருமில்ல."

"விளக்கு எரியுதே."

"வாசல்ல ஒரு பூட்ஸ்கூட இல்லயே. எல்லாரும் மாட்டிக்கிட்டு ஓடிட்டாங்க. விளக்கை அணைக்கக்கூட நேரமில்ல."

சிக்ரூன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். வருடக்கணக்காக அவர் மாட்டிவந்த படம். பூட்ஸ் இல்லைதான்.

"எங்க ஓடினாங்க?" பாடத்துக்காகக் கேட்கவில்லை, அவருக்கே தெரிந்தாக வேண்டியிருந்தது.

தூவா எழுந்துபோய்ப் படத்தைக் கழற்றி, பின்பக்கம் திருப்பினாள். "இதுல எழுதலாமா?"

கயிற்றுப் படங்களில் பேனா படக்கூடாதென்பது வகுப்புக்கே தெரிந்த சட்டம். சிக்ரூன் தன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

'ஆடு கடலில் விழுந்துவிட்டது.' அதோடு நின்றாள். எழுந்துபோய் ஓர் அட்டையைத் தொட்டாள். திரும்பி வந்து எழுதினாள்: 'ஆனால் அதற்கு நீந்தத் தெரியும்.' பிறகு மணி அடித்தும் நிறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை, பெற்றோர் மாடிப்படி ஏறிவரும் சத்தம் கேட்டதும் சிக்ரூன் அந்தப் படத்தைக் கயிற்றில் மாட்டினார், வீடு சுவரைப் பார்க்க, எழுத்து கதவைப் பார்க்க.