விநோத உடைக்கு எத்தனை புள்ளி?

ஓட்டப்போட்டிக்கு நடுவராக இருப்பது சுகம். நெஞ்சு நாடாவில் முட்டியவன் முதலாவது. நீளம் பாய்தலுக்கு அளவுநாடா இருக்கிறது. விநோத உடைப் போட்டிக்கு எதைக் கொண்டு அளப்பது? புலம்பெயர்ந்து வந்த மோர்டனில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் நடத்திய விளையாட்டுப் போட்டியில் அந்தப் பொல்லாத வேலையைத்தான் என் தலையில் கட்டினார்கள். ஊரில் பள்ளிக்கூட நாடகங்களில் நடித்தவன், ஆகவே நடிப்பை எடைபோடத் தெரிந்தவன் என்று நினைத்துவிட்டார்கள்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. என் அகதி விண்ணப்பத்தை நிராகரித்திருந்தார்கள். அப்பீல் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். தபால் வரும் நேரமெல்லாம் கதவடியில் போய் நிற்பேன். குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்குக் கையெழுத்து வைக்கப் போகிற நாட்களில், அப்படியே பிடித்து அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் அறையைக் கூட்டி, உடுப்பை மடித்து வைத்துவிட்டுத்தான் புறப்படுவேன். அன்றும் அதே அந்தரம். கதிரையில் இருப்பதும் எழும்புவதுமாக இருந்தேன்.

"ஏன் சார் தவிக்கிறீங்க? உட்காருங்க" என்றார் மற்ற நடுவர். மலேசியத் தமிழர், படிக்க வந்து, கணக்காளராகி, இங்கேயே வீடு வாங்கியவர். அவருக்கென்ன, நிம்மதியாகக் கால்மேல் கால் போட்டு இருந்தார்.

எங்களூர் வழக்கம் அவருக்குத் தெரியாது. விநோத உடைக்காரர் வரிசையில் வந்து நிற்பதில்லை. முதலே சனத்துக்குள் கலந்துவிடுவார்கள். எது வேஷம், எது உண்மை என்று தெரியாமல் ஆட்கள் ஏமாற வேண்டும். அதுதான் கெட்டித்தனம்.

"கவனமா இருங்கோ, எங்களையே பேய்க்காட்டுவினம்" என்று பெரிய ஆள் மாதிரி அவரை எச்சரித்தேன்.

ஒரு சாமியார் வந்தார். காற்றுக்குத் தாடி கழன்று பறந்தது. மீன்காரியாக வந்தவருக்கு மீசையை மழிக்க மனம் வரவில்லை. சிரித்துக்கொண்டே புள்ளி போட்டோம்.

பிறகு வாசல் பக்கமிருந்து ஒருவர் நேரே என்னை நோக்கி நடந்து வந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, கழுத்தில் அட்டை, கையில் கோப்பு. அவசரமே இல்லாத நடை. எங்கள் நிறம்தான், ஆனால் குரோய்டனிலும் எங்கள் நிறத்தில் அதிகாரிகள் இருந்தார்கள். வந்து நின்று, என் முகத்தைப் பார்க்காமல் கோப்பைப் பார்த்தபடியே, ஆங்கிலத்தில் என் பெயரைக் கேட்டார்.

சொன்னேன். பிறந்த திகதியைக் கேட்டார். சொன்னேன். கேட்காமலே கேஸ் நம்பரையும் சொன்னேன். அப்பீல் இன்னும் முடியவில்லை, தயவுசெய்து என் வக்கீலுடன் கதையுங்கள் என்று கெஞ்சினேன். எப்போது எழும்பினேன் என்று தெரியாது. விலங்கு மாட்டுவதற்கு வசதியாக இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் கோப்பை மூடினார். முகம் செத்துப்போயிருந்தது.

"அண்ணை, போதும் அண்ணை. நான் விநோத உடைக்கு வந்தனான்" என்றார் மெதுவாக. "உங்களுக்கும் கேஸ் முடியேல்லை எண்டு எனக்குத் தெரியாது. நானும் அங்கதான் சைன் வைக்கிறனான்."

அந்த நடையையும் குரலையும் எங்கே படித்தார் என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு விலகிப் போனார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவும் வேண்டும்போல இருந்தது, ஒரு அறை விடவும் வேண்டும்போல இருந்தது.

மலேசியக்காரர் கைதட்டிக்கொண்டிருந்தார்.

"அவருக்கு அஞ்சு போதும் சார். ஏதோ செக்யூரிட்டி யூனிபார்ம் மாதிரி இருக்கு, இதுல என்ன வேஷம்? ஆனா நீங்க கூடச் சேர்ந்து நடிச்சீங்க பாருங்க, அந்த நடுக்கம், அந்தக் கை! உங்களுக்குத்தான் கப் குடுக்கணும்."

"ஓம்" என்று மட்டும் சொன்னேன். அந்த மனிதருக்குப் பத்துக்குப் பத்துப் போடப் பேனையை எடுத்தேன்.