‘தொழில் எதுவும் தெரியாது’ என்று எழுதினேன்

மூணு வருஷத்துக்கு முன்னாடி, புதுக்கோட்டை மாவட்டத்துல ஒரு சிறைக்கு வாரத்துல ரெண்டு நாள் போய்க்கிட்டிருந்தேன். கைதிங்க பண்ணின தப்பையே தோண்டிக்கிட்டிருக்காம, அவங்ககிட்ட என்ன திறமை இருக்குன்னு கண்டுபிடிச்சு, அதை வச்சே அவங்களை நிமித்தணும்னு எங்க தொண்டு நிறுவனத்துல ஒரு திட்டம். ஒவ்வொருத்தரையும் பேட்டி எடுத்துப் படிவம் நிரப்புறது என் வேலை. படிச்ச திமிரும் எனக்குக் கொஞ்சம் உண்டு.

ஒருநாள் ஐம்பது வயசுக்காரர் ஒருத்தர் வந்து உக்காந்தார். கொடும்பாளூர் பக்கம். வரப்புத் தகராறுல பங்காளியை மம்பட்டியால அடிச்சுட்டார், அந்த ஆள் செத்துட்டார். ஊர்ல அம்மா படுத்த படுக்கை, கண்ணை மூடுறதுக்குள்ள ஒரு தடவை பாத்துக்கணும்னு சொன்னார். என்ன தொழில் தெரியும்னு கேட்டேன். “ஒண்ணும் தெரியாதுங்க. மாடு கன்னைப் பாத்துக்கிட்டு வீட்டோட கெடந்தேன்”னார்.

நானும் விராலிமலைப் பக்கம் மாடு வளக்குற வீட்டுப் பொண்ணுதான். சாணி அள்ளுறதையும் பால் கறக்குறதையும் எங்க வீட்டுல யாரும் வேலைன்னு சொன்னதே இல்லை. சம்பளம் வந்தாத்தான் அது வேலை. யோசிக்காம ‘தொழில் எதுவும் தெரியாது’ன்னு எழுதிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். மாட்டையே பாக்காத வெளியூர்க்காரி யாராவது அந்த நாற்காலியில இருந்திருந்தா, ‘மாடு வளக்கத் தெரியும்’னு மறக்காம எழுதியிருப்பா.

அடுத்த மாசம் திறந்தவெளிச் சிறைக்கு ஆள் எடுத்தாங்க. அங்க பண்ணையில வேலை செஞ்சா தண்டனை நாள் குறையும். இவருக்குக் கொஞ்ச மாசம்தான் பாக்கி, அங்க போயிருந்தா சீக்கிரமே விடுதலையாகி வீட்டுக்குப் போயிருப்பார். என் படிவத்தைப் பாத்துட்டு இவர் பேரை விட்டுட்டாங்க.

மழைக்காலத்துல நான் போயிருந்த ஒருநாள், சிறையில வளத்த பசு ஒண்ணு கன்னு ஈன முடியாமத் திணறுச்சு. மாட்டு டாக்டரைக் காணோம். இவர்தான் கையை விட்டு, மடங்கிக் கெடந்த கன்னோட காலை நேராக்கி, ரெண்டு உசுரையும் காப்பாத்தினார். பக்கத்துல நின்ன ஜெயிலர் என்னைப் பாத்து, “இதை ஏம்மா எழுதலை?”ன்னார்.

அன்னைக்கே வேற படிவம் எழுதிக் கொடுத்தேன். ஆபீஸ் ஆபீஸா நாயா அலைஞ்சேன். திறந்தவெளிச் சிறைக்கு மாத்துற உத்தரவு வர்றதுக்குள்ள அவரோட அம்மா போய்ச் சேந்துட்டாங்க.

போலீஸ் காவலோட கொள்ளி வைக்க வந்தார். நானும் போயிருந்தேன். சொந்தக்காரங்க யாரும் அவர் கிட்டக்க வரலை. எனக்குப் பொறுக்கலை. நடந்ததை ஒண்ணுவிடாமச் சொல்லி, எல்லாம் என்னாலதான்னு கையெடுத்துக் கும்பிட்டேன்.

“விடுங்கம்மா. நீங்க சரியாத்தான் கேட்டீங்க. எனக்குத்தான் சொல்லத் தெரியலை”ன்னுட்டு வேன்ல ஏறிட்டார்.

இப்பல்லாம் என்ன தொழில் தெரியும்னு நான் யாரையும் கேக்குறதில்லை. காலையில எந்திரிச்சதுல இருந்து படுக்குற வரைக்கும் என்னென்ன செய்வீங்கன்னு கேட்டு எழுதிக்கிறேன். ஆனா, அன்னைக்கு அவர் ரெண்டு வார்த்தை திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். தப்பு தன்னோடதுதான்னு அந்த மனுஷன் இன்னமும் நம்பிக்கிட்டிருப்பாரேன்னு நெனைச்சாத்தான் எனக்குத் தாங்கலை.