கண்ணை மூடிக்கொள் என்றேன்

என் மகன் ஒன்றாம் ஆண்டில் சேர்ந்த மூன்றாவது வாரம், பள்ளி வேனில் ஏற மாட்டேன் என்று அழ ஆரம்பித்தான். முதல் இரண்டு வாரமும் சிரித்துக்கொண்டு போன பிள்ளை. அந்தத் திங்கட்கிழமை வாசல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்கோ ஆறரை மணிக்குக் கிள்ளான் ஸ்டேஷனில் இருக்க வேண்டும். அந்த ரயிலை விட்டால் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் அலுவலகத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர முடியாது. கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். ஆகவே கிரில்லிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தூக்கி உள்ளே போட்டு, வேன் கதவைச் சாத்தியவள் நான்தான்.

"வேன்ல போகப் பயமா இருக்கும்மா."

"வேன்ல என்னடா பயம்? பத்துப் பிள்ளைங்க போறாங்கல்ல? உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

கேட்பதற்குக் கேள்வி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் பதிலுக்கு நான் ஒரு நொடிகூட நிற்கவில்லை. மணியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

வேன் ஓட்டுபவரை எங்கள் வரிசை வீடுகளில் எல்லோருக்கும் பிடிக்கும். வாசலுக்கே வந்து ஏற்றுவார், வாசலிலேயே இறக்குவார், ஒருநாளும் தாமதம் கிடையாது. பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டுபோவது அவருக்குப் பகல் வேலை. இரவில் ஒரு தொழிற்சாலை வாசலில் ஜாகா உட்காருவார். விடிய விடிய காவல் காத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு நேராக வேனை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். இது எங்களுக்குத் தெரியாத ரகசியம் இல்லை. தெரிந்துதான் புகழ்ந்தோம். "பாவம், மூணு பொம்பளைப் பிள்ளைங்களைப் படிக்க வைக்கிறாரு, எப்படிப்பட்ட உழைப்பாளி" என்று நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். ராத்திரி தூங்காத மனிதர் காலையில் எப்படி வண்டி ஓட்டுவார் என்று ஒரு தாய்க்குக்கூடத் தோன்றவில்லை.

ஒரு வாரம் அழுகை நிற்காததால் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். "பிள்ள எங்கயோ பயந்திருக்கு லா. பேசாம கோயில்ல மந்திரிச்சு ஒரு கயிறு கட்டு" என்றார். எனக்கு அது சரியென்று பட்டது. நான் அந்தக் கோயிலில்தான் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். இருபது பிள்ளைகளுக்கு டீச்சர். என் பிள்ளையே இப்படி அழுதால் அது எனக்கு அவமானம் இல்லையா? அந்தக் கவலையும் எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பூசாரி அவனை முன்னால் உட்காரவைத்து, வேன் எந்த வழியாகப் போகிறது என்று என்னிடம் கேட்டார். நான் சொன்னேன். சீனர்களின் இடுகாட்டு மேட்டை ஒட்டிப் போகிறது என்று சொன்னதுதான் தாமதம், பூசாரி தலையை ஆட்டினார், அக்காவும் ஆட்டினார், நானும் ஆட்டினேன். மூன்று பேருக்கும் ஒரே நிம்மதி. காரணம் கிடைத்துவிட்டது. காலை இருட்டில் அந்தக் கல்லறைகளைப் பார்த்துப் பிள்ளை பயந்திருக்கிறான், வேறென்ன?

"இல்ல, அங்கிள் வந்து..." என்று அவன் வாயைத் திறந்தான்.

"பேசாம கண்ணை மூடுப்பா" என்றார் பூசாரி. வேப்பிலையால் தலையிலிருந்து கால்வரை மூன்று தடவை தடவினார், திருநீற்றை ஊதினார், மணிக்கட்டில் கறுப்புக் கயிற்றைக் கட்டினார். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அவன் ஏதோ சொல்ல வந்தான் என்பது எனக்குத் தெரிந்தது. சாமி முன்னால் குறுக்கே பேசாதே என்று கண்ணாலேயே மிரட்டினேன்.

கயிறு கட்டியும் அழுகை நிற்கவில்லை. அதற்குள் வேன்காரரிடமிருந்து புகார் வேறு. "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. உங்க பையன் வாய் ஓயாதவனா இருக்கான். திடீர்னு அங்கிள்னு கத்துறான். தண்ணிப் போத்தலைக் கீழ போடுறான். என் சீட்டை எட்டி உதைக்கிறான். மத்த பிள்ளைங்களுக்குத் தொந்தரவு லா." எனக்கு முகம் சுருங்கிப் போனது. மன்னிப்புக் கேட்டேன். உள்ளே வந்து அவன் காதைத் திருகினேன். "அங்கிள் சீட்டை உதைப்பியா? இதுதான் நான் சொல்லிக்கொடுத்ததா?" அவன் அழுதானே தவிர எதுவும் சொல்லவில்லை. காதைத் திருகினால் யார் சொல்வார்கள்?

அன்று சாயங்காலம் என் வகுப்புப் பாடத்தையே அவனுக்கும் எடுத்தேன். அந்தப் பாடத்தில் எனக்குப் பெருமை அதிகம். பயம் வந்தால் கண்ணை மூடி, கை கூப்பி, முருகா முருகா என்று நூற்றெட்டு தடவை சொல்ல வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் பயம் ஓடிவிடும். அதற்கென்று வண்ணப் பென்சிலில் ஓர் அட்டை வரைந்து வைத்திருந்தேன். புலி, இடி, பேய் எல்லாம் ஒரு பக்கம், கண்மூடிய பிள்ளை மறுபக்கம், நடுவில் வேல். அட்டையில் பெரியவர் ஒருவரைக்கூட நான் வரையவில்லை. பிள்ளைகள் பயப்படும் பட்டியலில் மனிதர்கள் இருப்பார்கள் என்றே நான் நினைக்கவில்லை.

"இடுகாடு வந்ததும் கண்ணை மூடிக்க. வேன் நிக்கிற வரைக்கும் தொறக்கக் கூடாது. சத்தம் போடக் கூடாது. மனசுக்குள்ளயே சொல்லு."

"தொறக்கவே கூடாதாம்மா? நடுவுல ஒருவாட்டி பார்க்கலாமா?"

"கூடாது. தொறந்தா நீ சாமிய நம்பலைன்னு அர்த்தம்."

இந்த வாக்கியத்தை என் வாயால்தான் சொன்னேன். எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்ததல்ல. ஏழு வயதுப் பிள்ளை அதைக் கேட்டு ரொம்ப நேரம் யோசித்தான். பிறகு சரி என்றான்.

மறுநாள் அழவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வேன்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் என் மகனையே எழுப்பி நிறுத்தி, நம்பிக்கை என்றால் என்ன என்று மற்ற பிள்ளைகளுக்கு விளக்கினேன். கோயில் தலைவர் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "டீச்சர், இதான் இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு வேணும்" என்றார். என் மகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அடக்கம் என்று நினைத்தேன்.

சரியாக ஒரு மாதம் கழித்து, காலை வேளையில் அலுவலகத்துக்கு அழைப்பு வந்தது. சாலையோரம் நின்றிருந்த லோரியின் பின்னால் வேன் போய் மோதியிருந்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு அந்த ரயில் எத்தனை மெதுவாகப் போகும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கதவு திறந்து, ஆள் ஏறி, ஆள் இறங்கி. நான் கண்ணை மூடி நூற்றெட்டை எண்ணிப் பார்த்தேன். நாற்பதுக்கு மேல் போக முடியவில்லை. பயம் எங்கேயும் ஓடவில்லை. பிள்ளைகளிடம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிக்கொடுத்தேன் என்று வெட்கமாக இருந்தது.

மகனுக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தது. அறுவை செய்து தகடு வைத்தார்கள். வேனில் முன்சீட்டில் இருந்த மூன்றாம் ஆண்டுப் பெண்ணுக்கு ஒரு கண் போய்விட்டது. வேன்காரர் நெற்றியில் கட்டோடு வார்டு வாசலில் உட்கார்ந்து, யார் வந்தாலும் எழுந்து எழுந்து கும்பிட்டார். பிறகு போலீஸ் அழைத்துக்கொண்டு போனது.

மூன்றாவது நாள் மயக்கம் எல்லாம் தெளிந்து, மகன் தானாகப் பேசினான்.

"அம்மா, நான் கண்ணை மூடியிருந்தேன்மா. இல்லன்னா அங்கிளை எழுப்பியிருப்பேன்."

"என்னடா சொல்ற?"

"அங்கிள் தூங்குவாரும்மா. கண்ணாடியில தெரியும். கண்ணு சொருகும், தலை கீழ வரும். நான் கூப்பிடுவேன். கேக்கலன்னா போத்தலைப் போடுவேன். அதுக்கும் முழிக்கலன்னா சீட்டை உதைப்பேன். முழிச்சுக்குவாரு. தினமும் நான்தான் பார்த்துக்கிட்டே போவேன். நீங்க கண்ணை மூடச் சொன்னீங்கல்ல..."

என்னைக் குற்றம் சொல்லவில்லை அவன். அதுதான் கொடுமை. "நான் நடுவுல ஒருவாட்டி தொறந்து பார்த்திருக்கணும், இல்லம்மா?" என்று தன்னையே குற்றம் சொன்னான். ஏழு வயதில், பத்துப் பிள்ளைகளின் உயிரைத் தன் தலையில் சுமந்துகொண்டு தினமும் பள்ளிக்கூடம் போயிருக்கிறான். அந்த ஒரு காவலையும் நான் சாமி பெயரைச் சொல்லித் தூங்க வைத்துவிட்டேன். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவன் என் கையைத் தட்டி, "வலிக்கலம்மா" என்றான்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வசனம்தான் பேசினார்கள். முருகன் காப்பாத்திட்டான். காலோட போச்சு. பக்கத்து வார்டில் ஒரு கண்ணை இழந்து கிடந்த பெண்ணை யார் காப்பாற்றாமல் விட்டது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அவளுடைய அம்மா இன்றும் கோயிலில் என்னைப் பார்த்தால் நின்று, "தம்பி கால் எப்படி இருக்கு டீச்சர்?" என்று விசாரிப்பார். உங்கள் மகளின் கண் போனதில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு இதுவரை வரவில்லை. வேன்காரரைத் திட்டிக்கொண்டே இருப்பது எனக்கு வசதியாக இருக்கிறது.

மகன் ஊன்றுகோலில் நடக்கத் தொடங்கியதும் கோயிலில் சிறப்புப் பூஜை வைத்தார்கள். தலைவர் என்னைப் பேசச் சொன்னார். "நம்பிக்கை எப்படிப் பிள்ளையக் காப்பாத்துச்சுன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க டீச்சர்." நான் எழுந்து பிள்ளைகளைப் பார்த்து, பயமாக இருந்தால் கண்ணை மூடாதீர்கள் என்றேன். நன்றாகத் திறந்து பாருங்கள், பார்த்ததைப் பெரியவர்களிடம் சொல்லுங்கள், கேட்கவில்லை என்றால் கத்துங்கள், அதற்கும் கேட்கவில்லை என்றால் சீட்டை உதையுங்கள், சாமியை அப்புறம் கும்பிடலாம் என்றேன். பிள்ளைகள் மட்டும் ஆர்வமாகக் கேட்டார்கள்.

வெளியே வந்ததும் தலைவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்ன டீச்சர் இப்படிப் பண்ணிட்டீங்க? பிள்ளைங்க மனசுல சந்தேகத்தப் போடாதீங்க லா. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க" என்றார். அடுத்த வாரம் வகுப்புக்கு வேறொரு பெண் வந்துவிட்டார். என் அட்டை இன்னும் அங்கேதான் மாட்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். கழற்றிக் கொடுங்கள் என்று இரண்டு தடவை கேட்டேன். நல்லாத்தானே இருக்கு டீச்சர் என்று சிரிக்கிறார்கள்.

முருகன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் நியாயமாகப் பார்த்தால் அவன் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறான். வேனில் இருந்த பத்துப் பேரில் ஒருத்தனுக்குக் கண்ணைத் திறந்து வைத்திருந்தான். மூடியது நான்.

இரண்டு வருடம் கழித்துத் தகட்டை எடுக்கும் நாள் வந்தது. மகனுக்கு ஒன்பது வயது. அறுவைக் கூடத்துக்கு வெளியே தள்ளுகட்டிலில் பச்சை உடையோடு படுத்திருந்தான். அந்த இரண்டு வருடத்தில் அவனிடம் பயமா, பயமா என்று நான் கேட்காத நாள் இல்லை. பரீட்சைக்குக் கேட்டேன், பல் பிடுங்கப் போகும்போது கேட்டேன், காரில் ஏறும்போதெல்லாம் கேட்டேன். அன்றும் கேட்டேன்.

"பயமா இருக்காடா?"

"இல்லம்மா. சாமி கும்பிட்டுட்டேன்."

உள்ளிருந்து ஒரு மலாய்த் தாதி பெயர்ப் பட்டியலோடு வந்தார். ஐம்பது வயது இருக்கும். அவன் மணிக்கட்டில் இருந்த பெயர்ப் பட்டையைச் சரிபார்த்துவிட்டு, குனிந்து, "தாக்குத்?" என்று கேட்டார். பயமா என்று மலாயில். அவன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அவரிடம் ஆமாம் என்று தலையசைத்தான்.

"தாக்குத் அபா?" என்றார். எதற்குப் பயம்? கேட்டுவிட்டுப் பட்டியலை மூடி, கட்டில் ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவசரப்படவில்லை.

அவன் பள்ளிக்கூட மலாயில் மெதுவாகக் கோர்த்துக் கோர்த்துச் சொன்னான். ஊசி போட்டால் நான் தூங்கிவிடுவேன். அப்போது டாக்டருக்கும் தூக்கம் வந்துவிட்டால் அவரை யார் எழுப்புவது?

தாதி சிரிக்கவில்லை. நான் உள்ளேதான் இருப்பேன், டாக்டரை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன், நீ தூங்கு என்றார். நேற்று ராத்திரி நீங்கள் தூங்கினீர்களா என்று அவன் கேட்டான். நன்றாகத் தூங்கினேன், காலை ஆறு மணிக்குத்தான் வேலைக்கு வந்தேன் என்றார் அவர். அதைக் கேட்ட பிறகுதான் அவன் தலையணையில் தலையைச் சாய்த்தான்.

கட்டிலை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். யாரென்றே தெரியாத ஒருத்தியிடம் அவன் அதைச் சொன்னான். அவன் தலைமாட்டிலேயே நின்ற என்னிடம் சொல்லவில்லை.