கஞ்சி போட்ட போர்வை

தனலெட்சுமிக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய்தான் அவளை மாட்டிவிட்டது.

மூவார் நகரத் தொழிற்சாலை ஒன்றில் பிறர் செய்த பொருளைச் சோதித்துக் குறை சொல்வதுதான் அவள் வேலை. தானாக எதையும் செய்து காட்ட வேண்டிய அவசியம் அதுவரை வந்ததில்லை. அப்படிப்பட்டவள், பக்கத்து இருக்கைத் தோழி செல்லம் வேலையை விட்டு, மகளோடு வாழ மெல்பர்னுக்குப் போகிறாள் என்று தெரிந்ததும், கேன்டீனில் எல்லோர் முன்னிலையிலும், "அங்க குளிரும்லா. நான் உனக்கு கில்ட் தைச்சுத் தர்றேன்," என்று சொல்லிவிட்டாள். துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் கனத்த போர்வைக்கு அப்படியொரு பெயர் இருப்பதே முந்தின வாரம்தான் யூடியூப் பார்த்து அவளுக்குத் தெரியும்.

பெட்டி எடை கூடும் என்று செல்லம் விட்டுப்போகவிருந்த பருத்திச் சேலைகளைக் கேட்டு வாங்கினாள். முக்கோணங்களாக வெட்டித் தைத்தாள். பழைய சேலை வாழைக்குருத்துபோல் துவண்டது. சாய்வாக வெட்டிய ஓரமெல்லாம் இழுபட்டது. கூர்முனைகள் ஒன்றையொன்று பார்க்கக்கூட மறுத்தன. இதே வேலையை வேறொருத்தி செய்திருந்தால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னவெல்லாம் பேசியிருப்போம் என்று நினைத்தபோது, அவளுக்கே வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

பக்கத்து ஊரான தங்காக்கில் துணிக்கடை வைத்திருக்கும் ஜொஹராவிடம் எடுத்துப் போனாள். ஜொஹரா துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "கஞ்சி போட்டீங்களா அக்கா?" என்று கேட்டாள். கஞ்சி ஏறினால் துணி காகிதம்போல் விறைக்கும், சாய்வாக வெட்டினாலும் இழுபடாது என்றாள். அவள் மேற்கொண்டு சொல்லவந்ததைத் தனலெட்சுமி கேட்கவில்லை. எல்லாம் தெரிந்தவள்போல் தலையாட்டிவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டில், வெட்டி வைத்த முக்கோணங்களைக் கஞ்சியில் முக்கி இஸ்திரி போட்டாள். ஒவ்வொன்றும் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு காய்ந்தது. போனில் கேட்டதற்கு ஜொஹரா பொறுமையாக, "வெட்டுறதுக்கு முன்னாடி போடணும் அக்கா. அதைச் சொல்றதுக்குள்ள போய்ட்டீங்க," என்றாள்.

அடுத்த முறை முழுச் சேலைக்கும் போட்டாள். ஆனால் மரவள்ளி மாவைக் கெட்டியாகக் காய்ச்சியதில் கட்டி கட்டியாக ஒட்டி, இஸ்திரிப் பெட்டியின் அடி தீய்ந்தது. வாசனை பிடித்து உள்ளே வந்த கணவன் சபாபதி சட்டியைத் திறந்து பார்த்து, தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்டான்.

அதற்குப் பிறகுதான் அவள் வாயை மூடிக்கொண்டு ஜொஹரா சொன்னபடியெல்லாம் செய்தாள். தண்ணீராகக் காய்ச்சி வடிகட்டினாள். சேலையை நன்றாக ஊறவைத்து நிழலில் உலர்த்தினாள். லேசான ஈரத்தில், இழுக்காமல் அழுத்தி இஸ்திரி போட்டாள். இப்போது துணி காகிதம்போல் வெட்டுப்பட்டது. கூர்முனைகள் கச்சிதமாகச் சந்தித்தன. நான்கு முக்கோணங்கள் சேர்ந்த அந்த முதல் சதுரத்தைச் சபாபதிக்குக் காட்டினாள், பக்கத்து வீட்டாருக்குக் காட்டினாள், கடைசியில் கேஸ் சிலிண்டர் போட வந்தவரையும் நிறுத்திக் காட்டினாள்.

செல்லம் விடைபெற வந்த அன்று போர்வை தயாராக இருந்தது. எடுத்து விரித்தால் அது படுக்கவில்லை, நின்றது. செல்லம் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"தனம், இது போர்வையா, கதவா?"

தைத்து முடித்ததும் கஞ்சி போக அலச வேண்டும் என்பதைத் தனலெட்சுமி மறந்தே போயிருந்தாள். ஜொஹரா நிச்சயம் சொல்லியிருப்பாள்.

இருவருமாகக் குளியலறைத் தொட்டியில் போர்வையை முக்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிதித்தார்கள். வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர் போனது. எந்தத் துண்டு எந்த விசேஷத்துக்குக் கட்டியது என்று செல்லம் காலாலேயே காட்டிக்கொண்டு வந்தாள். காயப்போடும் நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. காசு போட்டால் ஓடும் சலவை இயந்திரங்கள் வைத்த டோபிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உலர்த்தும் இயந்திரத்தின் கண்ணாடிக்குள் போர்வை புரண்டு புரண்டு விழுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

போகாதே என்று சொல்லத்தான் தனலெட்சுமி நினைத்தாள். அந்த நீள வாய்க்கு அது வரவில்லை.

"நீ போய்ட்டா நான் யார்கிட்டலா பெருமை அடிக்கிறது?"

"போன்ல அடி. கேட்டுக்கிறேன்," என்றாள் செல்லம்.

வெளியே வந்த போர்வை பஞ்சாக இருந்தது, உடம்பெல்லாம் சுருக்கம். ஊரெல்லாம் காட்டிய கூர்முனைகள் எங்கே போயின என்றே தெரியவில்லை. தனலெட்சுமி ஒரு சுருக்கத்தை விரலால் நீவி, இங்கேதான் நான்கும் சந்திக்கின்றன என்று விளக்க ஆரம்பித்தாள். செல்லமோ சூடாறாத போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தாள்.