அவன் தொண்டைதான் சுருதி

உயர்நிலை ஒன்றாம் வகுப்பில், பள்ளியின் இந்திய நடனக் குழுவில் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தேர்வுக்கு வந்திருந்த நடன ஆசிரியை என்னை அரைமண்டியில் நிற்கச் சொன்னார், என் முழங்காலைப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார், அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். சிசிஏ, அதாவது புறப்பாட நடவடிக்கைக்கு, நான் எழுதிக் கொடுத்த இரண்டாவது விருப்பம் நெட்பால். அதற்கு உயரம் போதவில்லை. மூன்றாவதாக என்ன எழுதினேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. அதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் பள்ளி எனக்குக் கொடுத்தது, நான் எழுதவே எழுதாத டிக்கிர் பாராட்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அது மலாய்க்காரர்களின் குழுப்பாட்டு. முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஒரு வரி பாடுவார். பின்னால் வரிசை வரிசையாகச் சம்மணம் போட்டிருக்கும் கூட்டம் அந்த வரியை அப்படியே திருப்பிப் பாடும். பாடிக்கொண்டே கை தட்டும், தோளோடு தோள் உரசி அலை மாதிரிச் சாயும், குனியும், நிமிரும். ஓரத்தில் மேளமும், கோங்கு என்ற பெரிய வெண்கலத் தட்டும். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

வீட்டில் அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

“ஆடப் போறேன்னு குதிச்ச. இப்ப உக்காந்து கை தட்டப் போறியா? அதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்குடி, வெள்ளிக்கிழமை கோயில் பஜனைக்கு வந்தாலே போதுமே.”

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் நகைக்கடையில் அம்மாவின் சிநேகிதி ஒருவர் என்னைப் பார்த்து, “பொண்ணு சிசிஏ என்ன எடுத்திருக்கா?” என்று கேட்டார்.

“டான்ஸ்தான்” என்றார் அம்மா, வளையலைப் பார்த்தபடி.

“என்ன டான்ஸ்? பரதமா?”

“உக்காந்து ஆடுற டான்ஸ்.”

அந்தக் கடையிலேயே கத்தியிருப்பேன். அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு ஏன் இந்தக் குழுவைக் கொடுத்தார்கள் என்பது படம் எடுக்க ஆள் வந்த நாளில் புரிந்தது. குழுவில் மலாய்ப் பிள்ளைகளுக்கு நடுவே நான் ஒருத்திதான் தமிழ். பொறுப்பாசிரியை என்னைக் கடைசி வரிசையிலிருந்து எழுப்பி நட்டநடுவில் உட்கார வைத்தார். “நல்லா சிரி” என்றார். பள்ளியின் இணையப் பக்கத்தில் அந்தப் படம்தான் வந்தது. பல இன மாணவர்களும் கைகோத்து என்னவோ என்று கீழே ஒரு வரி. நான் யாருடனும் கைகோக்கவில்லை. கால் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஆண்டும் அதே கூத்து. என்னை அலங்காரப் பொருள் மாதிரி நகர்த்தி வைப்பதைப் போல எனக்கு எரிச்சல் தருவது வேறெதுவும் கிடையாது. விலகிவிடலாம் என்று இரண்டு ஆண்டும் நினைத்தேன்.

விலகாததற்குக் காரணம் என் வகுப்பிலேயே படித்த ஒரு மலாய்ப் பையன். ஒல்லியாக இருப்பான். வகுப்பில் வாயே திறக்க மாட்டான். பாட்டென்று வந்தால் வேறு ஆள். அவன் மாமாக்கள் கல்யாணங்களில் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இதைப் பாடுகிறவர்கள். நடக்கத் தெரிந்த வயதிலிருந்து அந்தக் கோங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன். ஆனாலும் எங்கள் குழுவில் முதல் இரண்டு ஆண்டு அவனும் பின்வரிசைதான். முன்னால் உட்காருவது மூத்த மாணவர்களின் இடம். அவன் முணுமுணுக்காமல் காத்திருந்தான். நானாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

உயர்நிலை மூன்றில் அந்த இடம் அவனுக்கு வந்தது. அதுதான் போட்டி ஆண்டும். பள்ளிகளுக்கு இடையிலான அந்தப் போட்டி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். அடுத்தது வரும்போது நாங்கள் பள்ளியை விட்டே போயிருப்போம். அவன் முன்னால் உட்கார்ந்து பாட ஒரே ஒரு வாய்ப்பு.

அவன் தலைவனான முதல் வாரமே படம் எடுக்கிறவர் வந்தார். ஆசிரியை வழக்கம்போல என்னை நடுவில் வைக்க எழுப்பினார். அவன் மரியாதையாகத்தான் சொன்னான், ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

“டீச்சர், அவ அங்க வேணாம். மூணாவது வரிசை, கடைசிக்கு முந்தின இடம். நடுவுல வச்சா அலை உடைஞ்சிடும். அவ கைதட்டு லேட்.”

எனக்குக் காது சூடானது. “லேட்டா? யாரு லேட்டு?”

“நீதான்லா. ரெண்டு வருஷமா லேட்டு.”

இரண்டு ஆண்டில் அந்தக் குழுவில் யாரும் என்னிடம் சொன்ன முதல் உண்மை அதுதான். மற்றவர்கள் எல்லாம் “வெரி குட், பரவாயில்லை, இந்த அளவுக்குச் செய்றியே” என்று குழந்தையைத் தட்டுவது போலத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு நான் தமிழச்சி என்பது ஒரு விஷயமே இல்லை. வரிசையில் ஒரு தோள், இரண்டு கை. அவை நேரத்துக்கு வர வேண்டும். அன்று வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கை தட்டிப் பழகினேன். அவன்மேல் இருந்த கோபத்தில்தான்.

அவன் பயிற்சி நடத்துகிற விதமே தனி. எங்களுக்குப் பாட்டுத் தாள் கிடையாது. கைபேசியில் பார்த்துப் படித்தாலும் திட்டுவான். “நான் பாடுறேன். நீங்க வாங்கிக்குங்க. வாங்கினதை அப்படியே திருப்பிக் கொடுங்க.” அதுதான் விதி. எனக்கு மலாய் அரைகுறை. பின்வரிசையில் புதிதாகச் சேர்ந்த உயர்நிலை ஒன்றுப் பொடியன்களுக்கோ பாட்டில் வருகிற பழைய மலாய் சரியாகப் புரியாது. ஆகவே நாங்கள் சத்தத்தைத்தான் பிடித்துக்கொள்வோம். எங்கே இழுக்கிறான், எங்கே வெட்டுகிறான், எங்கே மூச்சு விடுகிறான், எல்லாம் அப்படியே. நம் பாட்டுக்குச் சுருதிப் பெட்டி இருக்கும். இங்கே மேளமும் கோங்கும் தாளத்துக்கு மட்டும். அவன் எந்த உயரத்தில் எடுக்கிறானோ அந்த உயரத்தில்தான் முப்பது பேரும் பாட வேண்டும். அவன் தொண்டைதான் சுருதி.

மார்ச் விடுமுறைக்கு முன்பு ஒரு நாள். இரண்டாம் சரணத்தின் உச்சியில் அவன் குரல் கிழிந்தது. கதவுக் கீல் கத்துகிற மாதிரி ஒரு சத்தம். அடுத்த நொடி, பின்வரிசை முழுவதும், நானும் பொடியன்களும், அந்தக் கிறீச்சையும் சேர்த்து அச்சு அசலாகத் திருப்பிக் கொடுத்தோம். வேண்டுமென்று செய்யவில்லை. பழக்கம். அவன் கொடுத்ததை வாங்கிக் கொடுத்தோம்.

மேளக்காரன் குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். முன்வரிசைப் பெண்கள் தரையில் சாய்ந்தார்கள். அவன் முகம் சிவந்தது. அழுதுவிடுவான் என்று நினைத்தேன். தண்ணீர் குடித்தான், திரும்பி எங்களைப் பார்த்தான்.

“பின்வரிசை கரெக்ட். நான் என்ன பாடினேனோ அதைத்தான் கொடுத்தாங்க. முன்வரிசை, நீங்க ஏன் கொடுக்கல?”

பதினைந்து வயதுப் பையன். அந்த இடத்தில் எத்தனை பெரியவர்கள் அப்படிப் பேசியிருப்பார்கள்? எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை.

ஆனால் அது ஒரு நாளோடு போகவில்லை. பத்து நாளில் மூன்று தடவை, நான்கு தடவை கிழிந்தது. நான் வீட்டில் சொன்னேன். அம்மாவுக்கு அதற்குள் இந்தக் குழுவின்மேல் ஒரு பாசம் வந்திருந்தது. லிட்டில் இந்தியாவுக்குப் போனபோது பனங்கற்கண்டும் மிளகும் வாங்கி, இடித்து, டப்பாவில் போட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போதே சொன்னார்:

“அந்தப் புள்ளைக்கு இதைக் குடு. ஆனா ஒண்ணு சொல்றேன், இது தொண்டைக்கட்டு இல்லைடி. மீசை மொளைக்கிற கட்டு. மொளகு என்ன பண்ணும்?”

அவன் டப்பாவைக் காலி செய்தான். அம்மா சொன்னதுதான் நடந்தது. ஏப்ரலில் அவன் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது.

வெளியிலிருந்து வரும் பயிற்றுநரும் ஆசிரியையும் அவனை மாற்றத் தயாராக இல்லை. அவனைப் போலப் பாட யார் இருக்கிறார்கள்? “கீழே எடுத்துப் பாடு, போதும்” என்றார்கள். அவன் கீழே எடுத்தான். அவன் பாடியது நன்றாகத்தான் இருந்தது, சொல்லப்போனால் முன்பைவிட நன்றாக இருந்தது. ஆனால் குழுவில் முக்கால்வாசி பெண் பிள்ளைகள், மிச்சம் குரல் உடையாத பொடியன்கள். எங்களால் அவ்வளவு கீழே போக முடியவில்லை. வரியின் கடைசிச் சொல் வரும்போதெல்லாம் குளிர்சாதனப் பெட்டி உறுமுவது போல ஒரு சத்தம் வந்தது.

அவன் அதைக் கைபேசியில் பதிவு செய்து, படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து கேட்டான். மறுபடி மறுபடி கேட்டான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பயிற்சியில் அவன் முன்னால் உட்காரவில்லை. முதல் வரிசையிலிருந்த உயர்நிலை இரண்டுப் பெண் ஒருத்தியை எழுப்பி, தன் பாயில் உட்காரச் சொன்னான். சின்னக் குரல், ஆனால் கம்பி மாதிரி நேராகப் போகும் குரல். “எடு” என்றான். அவள் பயந்து எடுத்தாள். நாங்கள் திருப்பிக் கொடுத்தோம். அறையே நிரம்பியது. எல்லாருக்கும் தெரிந்தது. ஆசிரியை வேண்டாம் என்றும் கேட்காமல், “இவ நல்லா பாடுறா டீச்சர்” என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் நடந்து வந்து மூன்றாவது வரிசையின் கடைசியில், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

பயிற்சி முடிந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

“உனக்கு மூளை இருக்கா? டீச்சரே உன்னை இருக்கச் சொன்னாங்க. ரெண்டு வருஷம் உக்காந்து காத்திருந்த. அவளுக்கு அடுத்த போட்டி இருக்கு. உனக்கு இருக்கா?”

“இல்ல.”

“அப்புறம்?”

“நான் பாடினா நான் மட்டும்தான் பாடலாம். மத்தவங்க முனகணும். அது டிக்கிர் இல்லலா.”

“வீட்டுல சொல்லிட்டியா?”

அவன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். அவன் அப்பா பேருந்து ஓட்டுநர். மகன் முன்னால் உட்கார்ந்து பாடப் போகிறான் என்று, போட்டி நாளுக்காக இன்னொருவரிடம் கெஞ்சி ஷிப்ட் மாற்றி வைத்திருந்தார். அது குழுவில் எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த ஆறு வாரம் அவன் அந்தச் சின்னப் பெண்ணுக்காக உழைத்தான். தன் இடத்தில் உட்கார்ந்தவளுக்கு ஒருவன் இப்படிச் செய்வதை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. மூச்சு எங்கே எடுப்பது, கோங்கு விழுந்ததும் எவ்வளவு நேரம் பொறுப்பது, பயம் வந்தால் யாருடைய முகத்தைப் பார்ப்பது, எல்லாம் சொல்லிக் கொடுத்தான். அவள் அவனை அபாங் என்று கூப்பிடுவாள், அண்ணன் என்று அர்த்தம். ஒருநாள் “அபாங், நீங்களே பாடுங்க, என்னால முடியாது” என்று அழுதாள். அவன் தன் உடைந்த குரலில் அந்தச் சரணத்தை வேண்டுமென்றே கிறீச்சென்று பாடிக் காட்டினான். பின்வரிசை விசுவாசமாகத் திருப்பிக் கொடுத்தது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

போட்டி நாளில் அவள் பதற்றத்தில் வழக்கத்தைவிட உயரமாக எடுத்துவிட்டாள். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. பெண்கள் எட்டிப் பிடித்துக்கொண்டோம். அவனால் அந்த உயரத்தில் ஒரு சொல்கூடப் பாட முடியாது. ஆகவே பாடவில்லை. வாயை மூடிக்கொண்டு, உடம்பால் பாட்டைத் தாங்கினான். சாய்கிறபோது அவன் தோள் என் தோளைத் தள்ளும், அது எனக்கு அடுத்தவளைத் தள்ளும். மூன்றாவது வரிசையின் அலை அவனிடமிருந்துதான் கிளம்பியது. உயரம் அதிகமானதில் அவசரமும் கூடியிருந்தது. அவன் கைதட்டு அதை இழுத்துப் பிடித்து நிறுத்தியது. இரண்டாம் சரணத்துக்குள் அந்தப் பெண் சமாளித்துக்கொண்டாள். உச்சியில் அவள் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

எங்களுக்குக் கிடைத்தது இரண்டாம் நிலைச் சான்றிதழ். நடுவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம்தான். ஆனால் அந்த முடிவு வந்தது அடுத்த வாரம்.

அன்று அரங்குக்கு வெளியே அவன் அப்பா சீருடையோடு நின்றுகொண்டிருந்தார். காலை ஷிப்ட் முடித்து நேராக வந்திருக்கிறார். கையில் கைபேசி.

“நான் முன்னாடி இருக்கிற ஆளையே வீடியோ எடுத்துட்டிருந்தேன்” என்றார். “அது ஒரு பொண்ணு.”

அவன் தரையைப் பார்த்தான். எனக்குப் பொறுக்கவில்லை. “அங்கிள், இவன்தான் அவளை உக்கார வச்சான். யாரும் சொல்லல. டீச்சர் வேணாம்னு சொல்லியும் கேக்கல. பாட்டு முழுக்க இவன்தான் தாங்கினான். பின்னாடி பாத்தீங்களா இல்லையா?” கத்தியேவிட்டேன். அங்கிருந்த நான்கு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மகனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“நீயா எழுந்தியா, எழுப்பினாங்களா?”

“நானாத்தான் எழுந்தேன்.”

அவர் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டார். “சரி, சாப்பிடப் போவோம். நீயும் வா பொண்ணு. இவ்வளவு கத்தினா பசிக்கும்லா.”

பக்கத்து உணவங்காடியில் மூன்று தட்டு நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, வாங்கினார். தன் தட்டு காலியானதும் அந்தக் காணொளியை மேசைமேல் சாய்த்து வைத்து முதலிலிருந்து ஓடவிட்டார். முழுக்க அந்தச் சின்னப் பெண்ணின் முகம்தான். பின்னால் மங்கலாக எங்கள் வரிசை. ஓரத்தில் அவன் கை மட்டும் வந்து வந்து போனது. அவர் கடைசிவரை பார்த்தார்.

“நல்லா பாடுறா” என்றார்.

“அதைத்தான் நானும் டீச்சர்கிட்ட சொன்னேன்” என்றான் அவன், வாய் நிறையச் சோற்றோடு.