முப்பிடாதி பூசைக்கு வைத்த கட்டை

தை மாதம் இருபத்துமூன்றாம் தேதி, புதன்கிழமை, காலை பத்தே முக்காலுக்குத் தண்ணீர் ஊரைவிட்டுக் கிளம்பியது. பண்பொழி மலையடிவாரத் தொட்டியில் பெரிய சக்கரத்தை நான்கு பேர் சேர்ந்து திருகினார்கள். தரைக்குள் ஏதோ உருண்டது. கிழக்கே அறுபது கிலோமீட்டர், வானம் பார்த்து உழுகிற திருவேங்கடத்துக் கரிசல்வரைக்கும் அது இனிக் குழாய்க்குள்ளேயே போக வேண்டும். தேங்காய் உடைத்தார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். கூட்டத்தின் கடைசியில் நின்ற முப்பிடாதி மட்டும் வாயைத் திறக்கவில்லை. சிமெண்டுப் பூச்சைத் தேய்க்கிற அவளுடைய மரக்கட்டை அந்தக் குழாய்க்குள் கிடந்தது.

முப்பிடாதிக்கு நாற்பத்தொரு வயது. உயரம் நாலரை அடி. அதை வைத்து அவளைக் கேலி செய்யாத கொத்தனார் கிடையாது. குற்றாலத்து லாட்ஜுகளுக்கு மூன்று மாடி ஏறிச் சாந்து சுமந்த காலத்தில், "சட்டிக்குக் கால் மொளச்சு வருது பாருலே" என்பார்கள். குழாய் வேலை வந்தபோது அதே உயரம்தான் அவளுக்குச் சோறு போட்டது. இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து சேர்க்கும்போது, சேரும் இடத்தில் உள்பக்கத்துச் சிமெண்டுப் பூச்சு வெந்து உதிர்ந்துவிடும். இரண்டரை அடி வாய்க்குள் ஒருவர் தவழ்ந்துபோய் ஒவ்வொரு இணைப்பையும் பூசித் தேய்க்க வேண்டும்.

மேஸ்திரி காந்திமதிநாதன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஏட்டி, நீ போவியா?"

"உள்ள பாம்பு கெடந்தா அண்ணாச்சி?"

"அது ஒன்னயப் பாத்துப் பயந்து ஓடிரும்."

இடுப்பில் கயிறு, நெற்றியில் விளக்கு, முழங்காலில் பழைய டயர்த் துண்டு. பின்னால் ஒரு மின்விசிறி காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும். முதல் நாள் உள்ளே போய் இருமினாள். அந்த இருமல் முன்னால் ஓடி, எங்கோ தங்கி, வேறு யாருடையதோபோலத் திரும்பி வந்தது. அப்படியே படுத்துக் கிடந்தாள். கோயில் கருவறை முன்னால்கூட அவளுக்கு அப்படி மயிர் கூச்செறிந்ததில்லை.

போகப்போக, மேலே நடப்பது முதுகுக்குத் தெரிந்தது. அதிர்வை வைத்தே பஸ்ஸா லாரியா என்று சொல்வாள். கடையநல்லூரில் ஒரு நாள், குழாய்ப் பள்ளத்தின்மேல் பலகை போட்டு ஒரு கல்யாணப் பெண்ணை அழைத்துப் போனார்கள். "எட்டு மாசமா வாசலத் தோண்டிப் போட்டுருக்கியளே, எம் மகளப் பறந்தா போவச் சொல்லுதிய?" என்று ஒரு தாய் போட்ட சத்தம் அவ்வளவு ஆழத்திலும் கேட்டது. முப்பிடாதி தேய்ப்பதை நிறுத்தி, கடைசிச் செருப்பு பலகையைக் கடக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பத்து மாதத்தில் தொள்ளாயிரத்துச் சொச்சம் இணைப்புகள். கடைசியானது ஆயுத பூஜை அன்று முடிந்தது. மற்றவர்கள் கரண்டியையும் மண்வெட்டியையும் கொட்டகையில் வைத்துக் கும்பிட்டார்கள். முப்பிடாதிக்கு மனசு கேட்கவில்லை. சோறு போட்டது குழாய், அதற்குள்ளேயே வைத்தால் என்ன? பூவரச மரத்துத் தேய்ப்புக் கட்டை அவளுடையது. பிடியில் ஆணியைச் சுட்டு 'மு' என்று எழுதியிருந்தாள். அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, கடைசி இணைப்பருகே வைத்து, ஒரு கைப்பிடிப் பொரியும் போட்டாள். விழுந்து கும்பிட வேண்டிய வேலை இல்லை, ஏற்கெனவே படுத்துத்தான் கிடந்தாள். பிறகு பின்பக்கமாகவே தவழ்ந்து வெளியே வந்தாள்.

பூசைக்கு வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாது. மறுநாள் எட்டு மணிக்கு எடுக்கப் போனால், அவள் நுழைந்து வந்த திறப்பின்மேல் இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்து முடித்திருந்தார்கள். தகட்டில் இன்னும் சூடு ஆறவில்லை. வடக்கேயிருந்து வந்த வெல்டர்களுக்கு இந்த வழக்கம் என்ன தெரியும்?

சொன்னால் தகட்டை அறுக்க வேண்டும், அவளையும் வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள். மரக்கட்டைதானே என்று நான்கு மாதம் விழுங்கினாள். ஆனால் இப்போது தண்ணீர் கிளம்பிவிட்டது. கட்டை போய் வால்வில் குறுக்கே நின்றுவிட்டால்? அந்தக் கடைசியில் நாற்பது ஊர் குடத்தோடு நிற்கிறது. குலவை அடங்குவதற்குள் காந்திமதிநாதனிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அவர் கையிலிருந்த தேங்காய் மூடியைக் கீழே வைத்தார். "நாலு மாசமா வாயத் தொறக்கலயே, பாவி. பொரி வேற போட்டியாக்கும்?"

"ஒரு கைப்பிடிதான் அண்ணாச்சி."

"வண்டில ஏறு."

குழாய்ப் பாதையில் அங்கங்கே காற்று வால்வுகள் தரைக்கு மேலே நிற்கும். தண்ணீர் நெருங்க நெருங்க உள்ளிருக்கும் காற்று அதன்வழியே வெளியேறும். மோட்டார்சைக்கிளை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொன்றிலும் முப்பிடாதி காதை வைத்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு சீறல். கடைசியில் தொண்டையைக் கனைப்பதுபோல ஒரு சத்தம் கேட்டு நாலு சொட்டுத் தெறிக்கும், வால்வு தானாக மூடிக்கொள்ளும்.

"தண்ணி தாண்டிப் போயிட்டு அண்ணாச்சி!"

அடுத்ததற்கு விரட்டுவார்கள். புளியங்குடி எலுமிச்சைத் தோப்புகளுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆறு அவர்களோடு கூடவே வந்தது. தான் பத்து மாதம் முழங்காலால் அளந்த தூரத்தை அது ஒரே பகலுக்குள் தாண்டிவிட்டதை நினைத்து, அந்தப் பயத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரவு வாசுதேவநல்லூரில் தங்கி, மறுநாள் மத்தியானம் திருவேங்கடம் போய்ச் சேர்ந்தார்கள்.

தரைத்தொட்டியைச் சுற்றிக் குடங்கள். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் கல்யாணசுந்தரியிடம் முப்பிடாதி நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

"நல்லா இருக்கே! ஒங்க கட்டைய நம்பியா யக்கா எங்க ஊரு நிக்கி?"

குழாய் வாயிலிருந்து காற்று வந்தது. கால்மணி நேரம் வந்தது. பிறகு நின்றது. முப்பிடாதி குழாயில் காதை வைத்தாள்.

திடீரென்று குழாய் உதறியது. செம்மண் நிறத்தில் ஒரு வாய் கக்கியது, இன்னொரு வாய், அப்புறம் கண்ணாடிபோல. முப்பிடாதி கையை நீட்டினாள். அறுபது கிலோமீட்டர் இருட்டில் நடந்து வந்த மலைத் தண்ணீர், குளிர் விடாமல் உள்ளங்கையில் விழுந்தது. மேலே கும்பிட வேண்டுமா, கீழே கும்பிட வேண்டுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கல்யாணசுந்தரி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "உப்பே இல்ல! இதுல பருப்பு வெந்துரும்க்கா."

கட்டை வரவில்லை. "வந்தா சொல்லுதேன். நம்பரக் குடுங்க" என்றாள் கல்யாணசுந்தரி.

அதற்கப்புறம் எங்காவது தண்ணீர் நின்றது என்று காதில் விழுந்தாலே முப்பிடாதிக்குத் தூக்கம் போய்விடும். உடனே போன் போடுவாள்.

"தண்ணி வருதா?"

"வருதுக்கா. கட்டைதான் வரல."

ஒரு வருஷமும் எட்டு மாதமும் போயின. ஆயுத பூஜை அன்று முப்பிடாதி சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு படம் வந்தது. கறுத்துப்போன ஒரு கட்டை, பிடியில் 'மு', மேலே புதுச் சந்தனம். கூடவே கல்யாணசுந்தரியின் குரல்:

"யக்கா, பூசைக்குன்னு தொட்டிய எறைச்சுக் கழுவினோம். அடி வண்டல்ல கெடந்துச்சு. நாங்களும் பொட்டு வச்சு பூசையில வச்சிட்டோம். இன்னைக்கு எடுக்கக் கூடாது பாத்துக்கிடுங்க. நாளைக்குக் காலைல வந்து நீங்களே எடுங்க. பருப்புச்சோறு ஆக்கி வைக்கேன்."